கால் டாலரில் ஒரு முகம்



போன மாதம் அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் அண்ணன் பெண், பெட்டியைக் குடைந்து ஒரு சின்ன நாணயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"அத்தை, இது உங்களுக்குன்னே எடுத்து வச்சேன். கடையிலே மீதிச் சில்லறையா வந்தது."

கால் டாலர். ஒரு பக்கம் ஜார்ஜ் வாஷிங்டன். திருப்பினால் நிமிர்ந்த தலையோடு ஒரு பெண்மணி. பத்திரிகையாளர், பெண்களின் ஓட்டுரிமைக்காகப் பாடுபட்டவர், குடிமை உரிமைப் போராளி என்று மூன்று பட்டங்களைப் பொறித்திருக்கிறார்கள். 2025-ல் வெளியிட்டதாம்.

"யாருடி இது?"

"ஐடா பி. வெல்ஸ். பேப்பர்லே வந்த நியூஸெல்லாம் பொய்னு கணக்குப் போட்டுக் காட்டின அம்மா, அத்தை."

அந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு? மூன்று வாரமாக அந்த அம்மாளைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருந்தேன். ஆகவே இந்த இதழில் இந்தப் பக்கம் முழுக்க அவருக்குத்தான். விஷயம் கொஞ்சம் கசப்பானது. குழந்தைகள் தூங்கின பிறகு படியுங்கள்.

ஐடா பிறந்தது 1862-ல், மிஸிஸிப்பி மாநிலத்து ஹாலி ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில். அப்பாவும் அம்மாவும் கறுப்பு அடிமைகள். அந்த நாளைய சட்டப்படி பிறக்கிற குழந்தையும் அடிமைதான். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. அப்பாவுக்குத் தச்சு வேலை. அம்மா சமையலில் பேர் போனவர். 1878-ல் மஞ்சள் காய்ச்சல் வந்தது. அப்பா, அம்மா, கைக்குழந்தையாயிருந்த தம்பி, மூன்று பேரும் போய்விட்டார்கள். ஐடாவுக்கு அப்போது 16 வயது. மிச்சம் ஐந்து தம்பி தங்கைகள்.

அப்பாவின் நண்பர்கள் கூடி, இந்தக் குழந்தை இந்த வீட்டுக்கு, அந்தக் குழந்தை அந்த வீட்டுக்கு என்று பங்கு பிரிக்க ஆரம்பித்தார்களாம். நடக்க முடியாத ஒரு தங்கையை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளை ஏழைகள் விடுதியில் விடுவதாகப் பேச்சு. அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த பெண், "யாரும் யாரையும் பிரிக்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். கவுனை நீளமாக்கித் தைத்துக்கொண்டு, வயசைக் கூட்டிக் காட்டி, ஆறு மைல் தள்ளியிருந்த கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா வேலைக்குப் போய்விட்டாள். மாதம் 25 டாலர். கோவேறு கழுதை மேல் போய் வருவாள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பதினாறு வயசில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

பிறகு டென்னஸி மாநிலத்தில் மெம்ஃபிஸ் என்ற பெரிய ஊரில் வேலை. ஒரு நாள் ரயிலில் பெண்கள் பெட்டிக்கு முதல் வகுப்பு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் வந்து, கறுப்பர்களுக்கு இங்கே இடமில்லை, முன்னால் இருக்கும் பெட்டிக்குப் போ என்கிறான். மறுத்தார். கையைப் பிடித்து இழுத்தான். ஐடா என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கையைக் கடித்துவிட்டார்! கடைசியில் மூன்று ஆண்கள் சேர்ந்துதான் அவரை வெளியே தள்ள முடிந்தது. பெட்டியிலிருந்த சீமான்களும் சீமாட்டிகளும் கை தட்டினார்களாம்.

ஐடா சும்மா விடவில்லை. ரயில்வேக் கம்பெனி மேல் கேஸ் போட்டு, 1884-ல் 500 டாலர் நஷ்ட ஈடு வாங்கினார். மறுநாள் மெம்ஃபிஸ் பத்திரிகைத் தலைப்பில் அவர் ஒரு ஆசிரியை என்றோ, பயணி என்றோ போடவில்லை. கறுப்புப் பெண்களைக் கேலியாகக் குறிக்கிற ஒரு கொச்சைச் சொல்லைப் போட்டு, அவளுக்குத் தீர்ப்புக் கிடைத்தது என்று போட்டார்கள். 1887-ல் மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பையும் தள்ளிவிட்டது. போனது போகட்டும், அதைப் பற்றி எழுத ஆரம்பித்த பேனா கையை விட்டு இறங்கவேயில்லை. 1889-ல் "ஃப்ரீ ஸ்பீச்" என்ற கறுப்பர் பத்திரிகையில் பங்குதாரரும் ஆசிரியரும் ஆனார். கறுப்புப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்கள் இருக்கிற லட்சணத்தை அதில் எழுதியதற்காக 1891-ல் வாத்தியார் வேலை போயிற்று.

அந்தப் பத்திரிகையை ரோஸ் நிறத் தாளில் அச்சிட்டார்களாம். ஏன் என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதை வாங்கிக்கொண்டு போய், தெரிந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். விற்கிற ஆள் வேறு பத்திரிகையைத் தலையில் கட்டி ஏமாற்றிவிடக் கூடாதே என்று இந்த ஏற்பாடு. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

இனிமேல்தான் கதை.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் "லிஞ்சிங்" என்று ஒரு கொடுமை நடந்தது. கோர்ட்டு, ஜட்ஜ், விசாரணை ஒன்றும் கிடையாது. கும்பல் கூடி, ஜெயிலை உடைத்து ஆளை வெளியே இழுத்து, மரத்தில் தொங்கவிடுவது, சுடுவது, சில சமயம் உயிரோடு கொளுத்துவது. வேடிக்கை பார்க்கக் குடும்பத்தோடு வருவார்களாம். மறுநாள் பத்திரிகையில் பெரும்பாலும் ஒரே காரணம்தான் வரும்: வெள்ளைக்காரப் பெண்ணைக் கறுப்பன் பலாத்காரம் செய்தான், எங்கள் மனைவி மக்களைக் காப்பாற்ற வேறு வழியில்லை.

அதையேதான் ஐடாவும் நம்பியிருந்தார். இதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பின்னால் தம் வாழ்க்கைக் கதையை எழுதும்போது அவரே ஒப்புக்கொள்கிறார். லிஞ்சிங் சட்ட விரோதம்தான், ஆனாலும் அப்படி ஒரு அக்கிரமம் நடந்தால் ஜனங்களுக்கு ஆத்திரம் வராதா, அந்தப் பாவி சாகத்தானே வேண்டும் என்று தானும் நினைத்திருந்ததாக. யோசித்துப் பாருங்கள். கறுப்புப் பெண், அடிமையாகப் பிறந்தவர், ரயிலிலிருந்து தள்ளப்பட்டவர், போதாததற்குப் பத்திரிகை ஆசிரியர். அவரே நம்பினார்! ஒரே செய்தியை ஒரே மாதிரி வார்த்தைகளில் பத்து வருஷம் படித்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

1892 மார்ச்சில் கண் திறந்தது. தாமஸ் மாஸ் என்று அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர். பகலில் தபால்காரர், ராத்திரி, கூட்டாளிகளோடு சேர்ந்து ஆரம்பித்த மளிகைக் கடையில் கணக்குப் பார்ப்பார். மாஸின் பெண் குழந்தைக்கு ஐடாதான் ஞானத்தாய். அந்தப் பேட்டையில் அதுவரை வெள்ளைக்காரர் ஒருவரின் மளிகைக் கடை மட்டும்தான். புதுக் கடை வந்ததும் அந்த ஆளுக்கு வியாபாரம் படுத்துவிட்டது. பையன்கள் கோலி விளையாடியதில் தொடங்கின சண்டை, பெரியவர்கள் சண்டையாக மாறி, ஒரு ராத்திரி ஆயுதத்தோடு சிலர் புதுக் கடைக்கு வந்தார்கள். உள்ளேயிருந்தவர்கள் சுட்டதில் மூன்று பேருக்குக் காயம். மாஸ் உள்படப் பலரை ஜெயிலில் போட்டார்கள். நாலாம் நாள், மார்ச் 9 விடிவதற்குள், கும்பல் வந்து மாஸையும் இன்னும் இரண்டு பேரையும் ஊருக்கு வெளியே கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றது. மனைவி பிள்ளைத்தாச்சி, என்னை விட்டுவிடுங்கள் என்று மாஸ் கெஞ்சியதைக்கூட மறுநாள் பத்திரிகை விவரமாக எழுதியது. அந்த விவரங்களுக்காகவே ஒரு காலைப் பத்திரிகை அச்சை நிறுத்திவைத்துக் காத்திருந்தது என்று ஐடா எழுதுகிறார். அப்புறம் கடையைச் சூறையாடி, மிச்சத்தை ஏலம் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

இதில் பெண் எங்கே வந்தாள்? பலாத்காரம் எங்கே வந்தது? மூன்று ஆண்கள் செய்த குற்றம், மளிகைக் கடை நன்றாக நடத்தியது.

அன்றைக்குத்தான் ஐடாவுக்குத் தோன்றியது: இது இப்படி என்றால், இத்தனை வருஷம் படித்த மற்றச் செய்திகள்?

முதல் காரியமாக, நம் உயிருக்கும் பொருளுக்கும் காப்பு இல்லாத ஊரில் நாம் ஏன் இருக்க வேண்டும் என்று எழுதினார். ஆயிரக்கணக்கான கறுப்பர்கள் மூட்டை முடிச்சோடு மேற்கே கிளம்பினார்கள். இருந்தவர்கள் டிராம் வண்டியில் ஏறுவதை நிறுத்தினார்கள். ஆறு வாரம் கழித்து டிராம் கம்பெனி அதிகாரிகள் இரண்டு பேர் ஐடாவின் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். "உங்கள் ஜனங்கள் மின்சாரத்துக்குப் பயப்படுகிறார்களாமே, பயமில்லை என்று கொஞ்சம் எழுதுங்களேன்" என்றார்களாம். சிரிப்பதா அழுவதா! இதற்கு நடுவில் அவர் ஒரு கைத்துப்பாக்கியும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பிறகு, பத்திரிகையில் வந்த லிஞ்சிங் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, முடிந்த இடத்துக்கு நேரிலேயே போய் விசாரிக்க ஆரம்பித்தார். தனி ஆளாக, ஒரு கறுப்புப் பெண், அந்த ஊர்களில். மிஸிஸிப்பியில் டியூனிகா என்ற இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். ராட்சதன் மாதிரி ஒரு முரடன், ஷெரீஃபின் ஏழு வயதுப் பெண் குழந்தையைக் கெடுத்தான், கும்பல் அவனைக் கொன்றது என்று செய்தி ஸ்தாபனத்தின் தந்தி நாடு முழுக்கப் போயிருந்தது. ஐடா போய்ப் பார்த்தார். குழந்தையா? பதினேழு வயது தாண்டின பெண். அப்பா பண்ணையில் வேலை செய்த அந்த ஆளின் குடிசைக்குத் தானாகவே போய் வந்துகொண்டிருந்தவள். அப்பா கண்டுபிடித்தார்; பெண்ணின் பேரைக் காப்பாற்ற அவரே முன்னால் நின்று கும்பலைக் கூட்டிக்கொண்டு போனார்.

பதினேழு, ஏழாகிவிட்டது. படிக்கிறவன் பதறுவானே! "ராட்சதன்" என்ற ஒரு சொல் போதும், அவன் பேர் என்ன, அவனுக்கு அம்மா உண்டா, ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். சொல் என்பது சாமான்யமா? நம் தமிழ்ப் பத்திரிகைகளும் எத்தனையோ காலம் "கற்பழிப்பு" என்றே எழுதிக்கொண்டிருந்தன, ஏதோ அவளிடமிருந்துதான் ஒன்று அழிந்துபோன மாதிரி. தப்புச் செய்தவனிடம் என்ன அழிந்தது என்று எந்தத் தலைப்பும் சொல்லவில்லை.

ஒஹையோ மாநிலத்துக் கேஸ் ஒன்றையும் ஐடா எடுத்துக் காட்டுகிறார். அங்கே ஒரு பாதிரியாரின் மனைவி, கறுப்பர் ஒருவர் வீடு புகுந்து தன்னைக் கெடுத்ததாக 1888-ல் புகார் சொன்னார். அந்த ஆளுக்கு 15 வருஷம் ஜெயில். நாலு வருஷம் கழித்து மனசாட்சி உறுத்தித் தன் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்: என் சம்மதத்தோடுதான் நடந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டார்கள், கறுப்புக் குழந்தை பிறந்துவிடுமோ என்று பயம், அதனால் பொய் சொன்னேன். கணவர் ஒரு நல்ல காரியம் செய்தார், அந்த ஆளை ஜெயிலிலிருந்து விடுவிக்கப் பாடுபட்டார். பிறகு விவாகரத்தும் செய்துகொண்டார். அந்தப் பெண்மணியைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை என்று சொன்னால் கோபிப்பீர்களா? அப்படி ஒரு ஊரில், அப்படி ஒரு காலத்தில், சம்மதம் என்று வாயைத் திறந்து சொல்ல அவருக்கு ஏது இடம்? ஆனால் அவருடைய பயத்துக்கு விலை கொடுத்தது இன்னொருவருடைய நாலு வருஷம். தென் மாநிலமாயிருந்தால் நாலு வருஷம் கூட மிஞ்சியிருக்காது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பெண் புகார் சொன்னால் நம்பாதே என்று நான் எழுத வரவில்லை. அப்படி யாராவது படித்தால் தப்பு என் பேனா மேல்தான். பலாத்காரமே நடப்பதில்லை என்று ஐடாவும் சொல்லவில்லை. நடந்ததா என்று கோர்ட்டு விசாரிக்கட்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி விசாரிக்கட்டும் என்றார்.

எல்லாருக்கும் என்றால் கறுப்புப் பெண்களுக்கும்தான். நாஷ்வில் நகரில் 1892-ல், எங்கள் மனைவி மக்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கும்பல் ஒரு கறுப்பரை ஜெயிலிலிருந்து இழுத்துப் போய்க் கொன்றது. அதே ஜெயிலில் அதே நேரத்தில் ஒரு வெள்ளைக்காரனும் இருந்தான். எட்டு வயதுக் கறுப்புச் சிறுமியைக் கெடுத்ததாகக் குற்றச்சாட்டு. அவன் மேல் ஒரு விரல் படவில்லை. அந்தச் சிறுமி யாருடைய மக்களில் சேர்த்தி? ஐடாவுக்கு முன்னால் இந்தக் கேள்வியை அச்சில் இவ்வளவு பச்சையாகக் கேட்டவர்கள் அதிகம் பேர் இல்லை.

1892 மே மாதம், ஒரே வாரத்தில் எட்டுப் பேரைக் கும்பல்கள் கொன்றிருந்தன. அதில் ஐந்து பேர் மேல் அதே பழைய குற்றச்சாட்டு. ஐடா தலையங்கம் எழுதினார்: இந்தப் புளித்துப்போன பொய்யை இங்கே யாரும் நம்பவில்லை, இப்படியே சொல்லிக்கொண்டு போனால் கடைசியில் உங்கள் பெண்களின் நல்ல பேருக்குத்தான் பங்கம் வரும் என்று. பேர் போடாமல் வந்த கட்டுரை. எழுதினது ஆண் என்று நினைத்துக்கொண்டு, அவனைக் கட்டிவைத்து என்னென்ன செய்ய வேண்டும் என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எழுதியதை இந்தப் பக்கத்தில் நான் எழுத முடியாது. கும்பல் வந்து அச்சாபீசை நொறுக்கிற்று. கூட்டாளி தப்பி ஓடினார். ஐடா அப்போது வெளியூரில் இருந்தார். திரும்பி வந்தால் கொல்வோம் என்று தகவல் வந்தது. போட்ட பணம், அச்சு யந்திரம், வீடு வாசல் எல்லாம் ஒரே நாளில் போச்சு.

நியூயார்க்கில் ஒரு கறுப்பர் பத்திரிகை இடம் கொடுத்தது. அங்கே எழுதினதை 1892-லேயே சிறு புத்தகமாகவும், 1895-ல் இன்னும் பெரிதாகவும் கொண்டு வந்தார். அதில் அவர் செய்த கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். தன் கணக்கு என்று ஒன்றையும் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்களின் "சிகாகோ டிரிப்யூன்" பத்திரிகை வருஷா வருஷம் லிஞ்சிங் பட்டியல் போடும். அதையே எடுத்து, காரணம் வாரியாகக் கூட்டிக் காட்டினார். முந்தின எட்டு வருஷத்தில் கொல்லப்பட்ட கறுப்பர் 728 பேர். பலாத்காரம் என்ற குற்றச்சாட்டாவது இருந்தது அதில் மூன்றில் ஒரு பங்குப் பேர் மேல்தான். மற்றவர்கள்? கொலைச் சந்தேகம், திருட்டுச் சந்தேகம், வாக்குவாதம், மரியாதைக் குறைவு. 1892-ம் வருஷத்துப் பட்டியலில் காரணமே சொல்லாமல் கொன்ற ஆட்களும் உண்டு, பெண்கள் ஐந்து பேரும் உண்டு. பெண்களை எந்தப் பெண்ணைக் காப்பாற்றக் கொன்றார்கள்?

வீட்டுச் செலவுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது புரியும். மொத்தத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் அரிசி பருப்புக்குத்தான் போயிற்று என்று தோன்றும். இனம் இனமாகப் பிரித்து எழுதினால்தான் எங்கே ஓட்டை என்று தெரியும்.

கறுப்பர்களின் பெரிய தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸ் வயதானவர், உலகம் பார்த்தவர். அவரே ஐடாவிடம், "உன் கட்டுரையைப் படிக்கும் வரை நம்மவர்களிடம்தான் ஏதோ ஒழுக்கக்கேடு வந்துவிட்டதோ என்று எனக்குக் கூடச் சந்தேகம் வந்திருந்தது" என்ற அர்த்தத்தில் சொன்னாராம்.

புத்தகம் போடப் பணம்? அதைப் பெண்கள்தான் கொடுத்தார்கள். 1892 அக்டோபரில் நியூயார்க், பிரூக்ளின் கறுப்புப் பெண்கள் கூடி ஒரு பெரிய கூட்டம் நடத்தி, 500 டாலரும், பேனா வடிவத்தில் ஒரு தங்க உடைப்பின்னும் பரிசளித்தார்கள். மேடையில் பேச எழுந்தவருக்கு, விட்டு வந்த ஊரும் சிநேகிதர்களும் ஞாபகம் வந்து கண்ணீர் நிற்கவில்லை. கையில் கைக்குட்டை இல்லை! பின்னால் கையை நீட்டி ஜாடை காட்டி ஒன்று வாங்கிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல் பேசி முடித்தாராம். அந்தப் பேனா உடைப்பின்னை வெகு காலம் அணிந்திருந்தார்.

1893-லும் 1894-லும் பிரிட்டன் முழுக்கப் போய்ப் பேசினார். மெம்ஃபிஸ் பருத்தியை வாங்குகிற நாடு அது. அங்கே தலைகுனிவு என்றால் இங்கே கொஞ்சம் சுடுமல்லவா? சுட்டது. 1894-ல் "நியூயார்க் டைம்ஸ்" அவரை அவதூறு பேசுகிறவள், அசிங்கமான மனசுக்காரி என்று திட்டி எழுதிற்று.

1895-ல் சிகாகோவில் வக்கீல் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். பேச்சுக் கூட்டங்களுக்காக மூன்று தடவை தள்ளிப்போட்ட கல்யாணம்! நாலு குழந்தைகள். முதல் பிள்ளை ஆறு மாதமாயிருந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டே ஊர் ஊராகப் பிரசாரத்துக்குப் போனார். போகிற ஊரெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துத் தரவேண்டும் என்று நிபந்தனை. பெண்கள் ஓட்டுரிமைத் தலைவி சூசன் பி. ஆண்டனிக்கு இதில் மனத்தாங்கல். இந்த மாதிரி வேலைக்குப் பிறந்தவள் கல்யாணம் செய்துகொண்டு கவனத்தைப் பிரித்துக்கொள்ளலாமா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். ஐடா வருத்தப்பட்டார். கல்யாணமாகாத ஆண்டனி அம்மையாருக்கு இது தெரியாது என்பது என் கட்சி. குழந்தை கையில் இருக்கும்போதுதான் பேப்பரில் வருகிற குழந்தையின் வயசு ஏழா பதினேழா என்று கண் நிற்கிறது.

எல்லாம் நூறு வருஷத்துப் பழங்கதை என்று மூடி வைக்கத்தான் பார்த்தேன். அண்ணன் பெண் விடவில்லை. "அத்தை, 1989-ஐப் படிங்க" என்றாள்.

1989 ஏப்ரல் 19 ராத்திரி. நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஓடிக்கொண்டிருந்த 28 வயது வெள்ளைக்காரப் பெண்ணை அடித்து, பலாத்காரம் செய்து, சாகட்டும் என்று போட்டுவிட்டுப் போனான் ஒருவன். அவர் பிழைத்தது தெய்வச் செயல். அந்த ராத்திரி நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகமில்லை. போலீஸ் ஐந்து பையன்களைப் பிடித்தது. நாலு பேர் கறுப்பர், ஒருவன் ஸ்பானிஷ் பேசும் குடும்பத்துப் பையன். எல்லாருக்கும் வயது 14-லிருந்து 16-க்குள். மணிக்கணக்காக உட்காரவைத்து விசாரித்து, ஒப்புதல் வாங்கினார்கள். பத்திரிகைகள் "ஓநாய்க் கூட்டம்" என்று எழுதின. ராட்சதன் போய் ஓநாய் வந்தது, அவ்வளவுதான். சின்னப் பையன்களின் பேரையும் போட்டார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள் டொனால்ட் டிரம்ப், அப்போது கட்டட முதலாளி, மரண தண்டனையைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று நாலு பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார். கோர்ட்டு விசாரணை ஆரம்பிக்கக்கூட இல்லை.

கிடைத்த தடயம் எதுவும் அந்தப் பையன்களின் மரபணுவோடு பொருந்தவில்லை. இருந்தும் 1990-ல் தண்டனை. 2002-ல், வேறு குற்றங்களுக்காக ஜெயிலில் இருந்த ஒருவன், செய்தது நான், நான் ஒருத்தன்தான் என்றான். மரபணு அவனோடு பொருந்திற்று. அந்த டிசம்பரில் ஐந்து பேரின் தண்டனையும் ரத்து. அதற்குள் அவர்கள் ஏறக்குறைய 6 வருஷத்திலிருந்து 13 வருஷம் வரை உள்ளே இருந்து, பையன்களாகப் போனவர்கள் ஆண்களாக வெளியே வந்திருந்தார்கள். 2014-ல் நகர நிர்வாகம் 41 மில்லியன் டாலர் கொடுத்தது. ஐவரில் ஒருவரான யூசுஃப் சலாம் 2023-ல் நியூயார்க் நகர சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்தப் பதிமூன்று வருஷமும் உண்மைக் குற்றவாளியைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஓநாய்கள்தான் கிடைத்துவிட்டனவே. பிடிபடுவதற்கு முன் அந்த ஆள் அதே 1989 கோடையில் வேறு பெண்களையும் தாக்கினான், ஒருவரைக் கொன்றான். பெண்களைக் காப்பாற்றுவதற்காக என்று கிளப்பின கூச்சல் யாரைக் காப்பாற்றியது?

இன்னொன்று. அதே 1989 மே மாத ஆரம்பத்தில், அதே நியூயார்க்கில், பிரூக்ளின் பகுதியில் ஒரு கறுப்புப் பெண்ணைப் பலாத்காரம் செய்து மாடியிலிருந்து தூக்கிப் போட்டார்கள். அவரும் பிழைத்தார். முழுப் பக்க விளம்பரம் யாரும் கொடுக்கவில்லை. அந்தச் செய்தியைத் தேடிப் படிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஐடா 1931-ல் காலமானார். அவரைத் திட்டின "நியூயார்க் டைம்ஸ்" அப்போது மரணச் செய்தி போடவில்லை. 2018-ல், விட்டுப்போன பெண்களுக்கெல்லாம் இரங்கல் கட்டுரை எழுதுகிறோம் என்று ஆரம்பித்து, 87 வருஷம் கழித்து அவருக்கும் எழுதிற்று. 2020-ல் புலிட்ஸர் பரிசுக் குழு தனிச் சிறப்பு விருது கொடுத்தது. லிஞ்சிங்கை மத்திய அரசின் சட்டப்படி தனிக் குற்றமாக்கியது 2022-ல்தான். அப்புறம் இந்த நாணயம்.

அவருக்கு 66 வயது ஆகும்போது ஒரு இளம்பெண் அவரிடம் வந்தாளாம். ஒரு கூட்டத்தில் உங்கள் பேரைப் பெருமையாகச் சொன்னேன், ஏன் என்று திருப்பிக் கேட்டார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, நீங்களே சொல்லுங்களேன் என்றாள். அதன் பேரில்தான் தம் வாழ்க்கைக் கதையை எழுத உட்கார்ந்தார். முடிக்கவில்லை. கையெழுத்துப் பிரதி ஒரு வாக்கியத்தின் நடுவில், ஒரு சொல்லின் நடுவில் நின்றுபோயிருக்கிறது. மகள் ஆல்ஃப்ரெடா அதை எடுத்துப் பத்திரப்படுத்தி, திருத்தி, பதிப்பாளர்களிடம் நடையாய் நடந்து, 1970-ல் புத்தகமாகக் கொண்டு வந்தாள். அந்தப் பாதிச் சொல்லை அவள் முடித்து எழுதவில்லை. அம்மா விட்ட இடத்திலேயே விட்டுவிட்டாள்.